அபாய அறிவிப்பும் நகரவாசிகளின் கடமையும்

ஆண்டுதோறும் ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், ‘துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்னும் செய்தியைப் பத்திரிகைகளில் காண்கிறோம். இரண்டு நாள் கழித்து மூன்றாம் எண் ஏறுகிறது. காப்பிக் கடையில் அதைப் படித்தவர் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்கிறார்; அவரும் தலையசைத்துவிட்டுத் தம் வேலைக்குப் போகிறார். மூன்று என்றால் என்ன, ஏழு என்றால் என்ன, தாம் செய்யவேண்டுவது யாது என்பதை இருவரும் அறியார். அதற்காக அவர்களை நாம் குறை கூறோம். அக்கூண்டு கப்பலோட்டிகளின் பொருட்டு ஏற்பட்டது. தெருவில் வசிப்போர்க்கென்று ஏற்பட்டதன்று.

அக்குறிகள் மொத்தம் பதினொன்று. பத்தாம் எண் பேரபாயத்தைக் குறிப்பது. பதினோராம் எண்ணுக்கு ஒரு விசேஷம் உண்டு. வானிலை எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பே அற்றுவிட்டது என்பது அதன் பொருள். துறைமுகங்களில் அபூர்வமாக ஏறும் அப்பதினோராம் எண், நம் நகரங்களின் பல தெருக்களில் ஆண்டு முழுதும் ஏறியே நிற்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

நீதிமன்றத்தோடு பழகியவர் ஒரு விஷயத்தை நன்கு அறிவர். நீதிபதி கையெழுத்திட்டு முத்திரை வைத்துவிட்டமையால் மட்டும் சம்மன் முற்றுப்பெறுவதில்லை. கோர்ட்டு அமீனா அதை எடுத்துக்கொண்டு தெருவைத் தேடி, வீட்டைத் தேடி, ஆளைத் தேடிச் செல்லவேண்டும். பிரதிவாதி கையில் அது சேரவேண்டும். அவர் வாங்க மறுத்தால் அவர் வீட்டு வாயிற்கதவில் ஒட்டிவிட்டு வரவேண்டும். அவ்வாறு சார்வாகாத சம்மனைக்கொண்டு ஒருவர்மீது எக்ஸ்பார்ட்டி தீர்ப்பளித்தால், அத்தீர்ப்பு பின்னர் நிலைக்காது. பத்து ரூபாய்க் கடன் வழக்கிற்கே சட்டம் இத்தனை கண்டிப்புக் காட்டுகிறது. உயிர் போகும் விஷயத்திலோ, ‘நேற்று மாலையே அறிவித்துவிட்டோம்’ என்று சொல்லிக் கைகழுவிவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. அறிவித்தது வேறு, அறிவிப்புச் சேர்ந்தது வேறு. வெள்ளம் அளிக்கும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்துச் செய்ய எந்தக் கோர்ட்டிலும் மனுப் போட இயலாது.

இதற்கு நமது கடற்கரையே சாட்சி. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரம் காலை ஆறரை மணியளவில், சுமத்ரா தீவின் அருகே கடலடியில் பெருநிலநடுக்கம் நேர்ந்தது. அதனின்றெழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையைச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம் என்பது சிறிய அவகாசமன்று. ஒரு கிழவி தன் பேரக் குழந்தையை இடுப்பிலெடுத்துக்கொண்டு மெல்ல நடந்தாலும், கடற்கரையினின்று வெகுதூரம் போய்விடலாம். ஆயினும் ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் நகரவில்லை. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் சென்னை மெரினாவிலும், கடல் உள்வாங்கியதைக் கண்டோர் வேடிக்கை பார்க்க நின்றனர். தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 உயிர்கள் மாண்டன.

அதே காலையில், அதே கரையில், புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்தில் நடந்ததைக் கேளுங்கள். அவ்வூரைச் சேர்ந்து சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த இளைஞர் ஒருவர், நிலநடுக்கச் செய்தியை அங்கே கேட்டு, மனம் பொறாமல் தம் வீட்டுக்கு டெலிபோன் செய்தார். ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் ஒன்று இருந்தது. அலையின் உயரத்தையும் காற்றின் போக்கையும் மீனவர்க்கு ஒலிபெருக்கியில் கூறிவருவது அதன் வழக்கம். ஊரார் அம்மையத்தின் பூட்டை உடைத்துத் திறந்து, அந்த ஒலிபெருக்கியிலேயே ‘அனைவரும் வெளியேறுக’ என்று திரும்பத் திரும்பக் கூவினர். வீடுகளும் படகுகளும் போயின. மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்மக்களோ உயிர் தப்பினர்.

இந்நிகழ்ச்சியை நாம் ஒரு கதையாகச் சொல்ல வரவில்லை. அவ்வூரைக் காத்தவை யாவை என்று எண்ணிப் பார்க்கவேண்டும். செய்தியைப் பெற்ற ஒரு மனிதர். அதை யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தமை. ஊரார் தினந்தோறும் கேட்டு நம்பிப் பழகிய ஒரு குரல். இம்மூன்றும் முன்னமே இருந்தன. அபாயம் வந்த அன்று புதிதாக அமைத்தவை அல்ல. பூட்டு ஒன்றுதான் குறுக்கே நின்றது, அதையும் உடைத்தார்கள்.

அடையாற்றின் பாடம்

பதினோராண்டுகள் சென்றன. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் வானம் பிளந்ததுபோல் மழை கொட்டிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. இரவில் ஆறு கரைகடந்தது. ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் கட்டிலில் உறங்கியோர், கையைத் தொங்கவிட்டபோது நீர் தொட்டதால் விழித்தெழுந்தனர். மின்சாரம் நின்றது, கைப்பேசிகள் ஊமையாயின, விமான நிலையம் பல நாட்கள் மூடிக்கிடந்தது. 1878-இல் தோன்றிய ‘தி ஹிந்து’ பத்திரிகை, மறுநாட்காலை சென்னையில் அச்சாகவில்லை. நகரத்துக்குச் செய்தி சொல்வதையே தொழிலாகக் கொண்டோரும் வாயடைத்துப்போன நாள் அது.

அவ்வெள்ளம் மனிதர் விளைத்த பேரிடரே என்று இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை முடிபு கூறிற்று. 2018-இல் சட்டசபையில் வைக்கப்பட்ட அவ்வறிக்கையின் மீது வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. ஏரியை எப்போது திறந்திருக்கவேண்டும் என்னும் வழக்கை இங்கே நாம் மறுவிசாரணைக்கு எடுக்கவில்லை. நாம் கேட்பது வேறு கேள்வி. இருபத்தொன்பதாயிரம் கன அடி என்னும் எண், ஆற்றங்கரையில் வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு குமாஸ்தாவுக்கு என்ன பொருளைத் தரும்? தம் வீட்டு வாயிற்படி வரை வருமா, ஜன்னல் வரை வருமா, மாடியேறினால் போதுமா, ஊரைவிட்டே போகவேண்டுமா என்பதை அந்த எண்ணிலிருந்து கணக்கிட அவர் பொறியியல் பயின்றவரா?

‘தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பது ஆண்டுதோறும் வெளிவரும் வாக்கியம். அதில் பிழையொன்றுமில்லை, பயனும் அதிகமில்லை. தாம் இருப்பது தாழ்வான பகுதி என்று எந்த மனிதர் அறிவார்? மனை விற்றவர் மேடான இடம் என்று சத்தியம் செய்தன்றோ விற்றார்! பாதுகாப்பான இடம் எது? அதற்குச் செல்லும் வழி எது? அவ்வழியில் இப்போது முழங்காலளவு நீரா, கழுத்தளவு நீரா? இவற்றைச் சொல்லாத அறிவிப்பு, முகவரி எழுதாத கடிதம் போன்றது.

சர்க்கார் செய்திருப்பன

நியாயமாகப் பேசவேண்டுமானால், ஆழிப்பேரலைக்குப் பின் அரசாங்கங்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிறந்தது. அதன்படி தேசிய ஆணையத்துக்குப் பிரதம மந்திரியும், மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டரும் தலைவர்கள். 2007-இல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 2004-இல் நாம் இழந்த அந்த இரண்டு மணி நேரத்தை இனி இழக்கவேண்டியதில்லை. வானிலைத் துறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிறங்களால் எச்சரிக்கிறது. மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிரு. சிவப்பு என்றால் செயலில் இறங்கு. நிறம் மழையின் அளவை மட்டும் குறிப்பதன்று, நாம் செய்யவேண்டுவதைக் குறிப்பது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்தவேண்டும்.

2023-ஆம் ஆண்டு அக்டோபரில், தமிழகத்தில் கைப்பேசிகள் பல ஒரே வேளையில் உரத்த ஒலி எழுப்பியது நினைவிருக்கலாம். ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் பேசிகளுக்கெல்லாம், எண்ணைத் தேடாமல் ஒரே நொடியில் செய்தி பரப்பும் புதிய ஏற்பாட்டின் சோதனை அது. போற்றத்தக்க ஏற்பாடே. போலீசு, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனியே இருந்த எண்களை ஒன்றாக்கி, 112 என்னும் ஒரே எண் நாடெங்கும் வந்துள்ளது. ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்புக்கு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, சென்னை மாநகராட்சிக்கு 1913 என்னும் எண்களும் உள்ளன.

இவ்வளவும் இருந்தும், அச்சோதனைக்குப் பின் இரண்டு மாதங்கூட நிறையாமுன், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையைச் சூழ்ந்தபோது, வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முடிச்சூரிலும் மக்கள் மாடிகளில் நின்று உதவிக்குக் கூவினர். காரணம் யாது? எச்சரிக்கை வந்தது, புயல் வருமென்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கோபுரத்துக்கு மின்சாரம் நின்றால் பேசியும் நின்றுவிடுகிறது. பேசி ஒலித்தாலும் காது கேளாதவர் கேட்கமாட்டார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கட்டட வேலை செய்வோர் தமிழில் வரும் செய்தியை வாசிக்கமாட்டார். படுக்கையில் கிடக்கும் முதியவர் வாசித்தாலும் எழுந்து நடக்கமாட்டார். டில்லியிலிருந்து தெருமுனை வரை வந்த செய்தி, தெருமுனையிலிருந்து வீட்டுக்குள் நுழையும் கடைசி நூறு அடியில் செத்துப்போகிறது. அந்த நூறு அடியைக் கடப்பது எந்த யந்திரத்தாலும் ஆகாது, மனிதராலேயே ஆகும். இதுவே நாம் இன்று வற்புறுத்த விரும்பும் விஷயம்.

பிறர் காட்டிய வழி

இது வெறும் நம்பிக்கையன்று. அனுபவம் கண்ட உண்மை. 1970 நவம்பரில் இன்றைய வங்காளதேசத்தைத் தாக்கிய புயல் மூன்று லட்சம் மக்களுக்குமேல் பலிகொண்டது. அந்நாட்டார் அதன்பின் கிராமந்தோறும் தொண்டர்களைத் திரட்டினர். கொடியும் கையொலிபெருக்கியும் ஏந்தி வீடுவீடாகச் சென்று எச்சரிக்கும் அத்தொண்டர்கள் இன்று எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர். அவர்களிற் பாதிப்பேர் பெண்கள். வீட்டைவிட்டு வர அஞ்சும் பெண்ணைப் பெண்ணே சென்று அழைத்தாலன்றோ வருவாள்?

நம் நாட்டிலேயே ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் புயலில் அங்கே மாண்டோர் ஏறக்குறைய 10,000 பேர். 2013 அக்டோபரில் பைலின் என்னும் பெரும்புயல் அதே கரையைத் தாக்கியது. இம்முறை புயலுக்கு முன்னரே ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். மாண்டோர் ஐம்பதுக்கும் குறைவு. ஒடிசா நம்மைவிடச் செல்வம் மிகுந்த மாகாணமன்று. கட்டி முடித்த புயல் காப்பிடங்களும், இன்ன வீட்டாரை இன்னார் அழைத்துச் செல்லவேண்டும் என்று முன்னரே வகுத்த ஒழுங்குமே அவர்களைக் காத்தன.

ஜப்பானில் கோபே நகரம் 1995 ஜனவரியில் நிலநடுக்கத்தால் இடிந்தபோது, இடிபாடுகளில் சிக்கி உயிரோடு மீண்டவரிற் பெரும்பாலோரைத் தோண்டியெடுத்தவர்கள் குடும்பத்தாரும் அண்டை வீட்டாருமே. எந்தத் தேசத்திலும் முதல் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்பவன் அயலானே. நம் சென்னையிலும் 2015-இல் படகுகளைத் தூக்கிக்கொண்டு வந்து தெருக்களில் செலுத்தியவர்கள் மீனவர்கள். ஜாதி மதம் பாராமல் சோறாக்கிப் போட்டவர்கள் பக்கத்துத் தெரு இளைஞர்கள். மசூதிகளும் கோயில்களும் மாதாகோவில்களும் கதவைத் திறந்துவிட்டன. நம் மக்களிடம் இரக்கத்துக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் முன்னேற்பாட்டில்தான். வெள்ளம் வந்தபின் தோன்றும் அன்பு, வெள்ளத்துக்கு முன் ஓர் ஒழுங்காக அமையவேண்டும்.

வதந்தி என்னும் வெள்ளம்

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். உண்மைச் செய்தி சேராத இடத்தில் பொய்ச் செய்தி சேரும். 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை வங்கக் கடலில் புகுந்து, 6-ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டது. அடுத்தது சென்னையே என்ற செய்தி பரவிற்று. சர்க்கார் காரியாலயங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. ஜனங்கள் கிடைத்த ரயிலிலும் வண்டியிலும் ஏறி ஓடினர், தெருக்கள் வெறிச்சோடின. கப்பற்படையோ சென்னைக்கு வரவேயில்லை. 2015 வெள்ளத்தின்போது, மாமல்லபுரச் சாலையிலுள்ள பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெளியேறிவிட்டன என்று ஒரு புரளி கைப்பேசிகளில் சுற்றிற்று. பண்ணையார் மறுத்துரைத்தும் அது ஓயச் சில நாளாயிற்று.

சிரித்து விட்டுவிடக்கூடிய புரளிகள் இவை. சிரிக்கமுடியாததும் உண்டு. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்போர் ஊருக்குள் புகுந்துள்ளனர் என்னும் வாட்ஸப் வதந்தி தமிழகமெங்கும் பரவியிருந்த வேளையில், திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊருக்குக் குலதெய்வத்தை வழிபடச் சென்ற மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காகக் கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்லர். தங்கள் ஊரைக் காப்பதாக நினைத்தவர்கள். தெருவைக் காப்பது என்னும் பெயரால் அயலூரானையெல்லாம் சந்தேகிக்கும் கூட்டம் உருவாகுமானால், அதைவிடப் பாதுகாப்பே இல்லாமலிருப்பது மேல். எச்சரிக்கை சேராவிடில் வெள்ளம் கொல்லும். பொய் எச்சரிக்கை சேர்ந்தால் மனிதனே கொல்வான். ஆகையால் வெளியிட்ட அதிகாரியின் பெயர், தேதி, மணி, இடம் ஆகிய நான்கும் இல்லாத எந்தச் செய்தியையும் மற்றொருவர்க்கு அனுப்புவதில்லை என்று ஒவ்வொரு தேசபக்தரும் விரதம் பூணவேண்டும். சந்தேகம் இருப்பின் போலீசுக்குச் சொல்க, கை நீட்டற்க.

தெருவின் கடமை

இனி, செய்யவேண்டுவன யாவை? பெரிய பணம் வேண்டியதில்லை. ஒரு தெருவார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடினால் போதும்.

முதலாவது, ஒரு ஜாபிதா. தெருவில் எந்த வீட்டில் படுக்கையாய்க் கிடப்பவர் உள்ளார், எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் காது கேளாதவர், யாருக்கு வாரந்தோறும் சிறுநீரகச் சுத்திகரிப்பு, யார் தனியாக வசிக்கும் முதியவர் என்பதைக் காகிதத்தில் எழுதுக. ஒவ்வொருவரையும் அழைத்துச் செல்லும் பொறுப்பை இன்னாருக்கென்று பெயர் குறித்து விடுக. அந்த ஜாபிதா தெருவின் நம்பிக்கைக்குரிய இருவரிடம் மட்டும் இருக்கவேண்டும். அதைக் கைப்பேசிக் குழுவில் போடலாகாது. கட்சிக்காரரிடமோ கடைக்காரரிடமோ கொடுக்கலாகாது. தனித்திருக்கும் கிழவியின் முகவரி நல்லவர்க்கும் பயன்படும், திருடனுக்கும் பயன்படும்.

இரண்டாவது, ஒரு குரல். முன்னாளில் தண்டோரா போட்டுச் செய்தி சொன்னார்கள். ஒரு சாதியார் தலையில் சுமத்தப்பட்ட அவ்வழக்கத்தை நிறுத்தும்படி 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அறிவுறுத்தியது. அது மிகவும் சரியே. ஆனால் தண்டோரா செய்த வேலையை இப்போது யார் செய்வது? இருபது முப்பது வீட்டுக்கு இருவர், ஆணொருவரும் பெண்ணொருவரும், பொறுப்பேற்கவேண்டும். ஒரு கையொலிபெருக்கி, ஒரு விசில், ஒரு டார்ச், பாட்டரியில் ஓடும் சிறு ரேடியோ அவர்களிடம் இருத்தல் வேண்டும். கோயிலிலும் மசூதியிலும் மாதாகோவிலிலும் உள்ள ஒலிபெருக்கிகளை அபாய காலத்தில் பயன்படுத்த முன்னரே சம்மதம் பெற்றுவைக்கலாம். பிறமொழி பேசும் தொழிலாளர் தங்கும் இடத்துக்குச் செய்தி சொல்ல அவர்களிலேயே ஒருவரைத் தெரிந்துகொள்க.

மூன்றாவது, ஓர் இடம். மாடி வீட்டார் எவரெவர் எத்தனை பேருக்கு இடங்கொடுப்பர் என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அருகிலுள்ள பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ நிவாரண இடமாகக் குறிக்கப்பட்டிருந்தால், கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: சாவி யாரிடம்? நள்ளிரவில் அந்தச் சாவிக்காரரின் வீட்டுக் கதவைத் தட்ட யார் போவது? நல்லவாட்டில் உடைத்தது போல் எல்லா இடத்திலும் பூட்டை உடைக்க நேரமிராது.

நான்காவது, சிறு சாமான்கள். நீண்ட கயிறு, ஏணி, லாரி டயர் டியூபு, கோடரி, முதலுதவிப் பெட்டி, மணல் வாளி. இவை தெருவில் ஓரிடத்தில் இருக்கட்டும். 112 முதலிய எண்களைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதுக. பேசியில் பதித்துவைத்தது, பேசி நனைந்தால் போய்விடும். நீர் ஏறத் தொடங்கியதும் வீட்டு மின்சார மெயினை நிறுத்தவேண்டும் என்பதையும், தெருமுனை மின்பெட்டியருகே ஒருவரும் போகலாகாது என்பதையும் சிறுவருக்கும் கற்பிக்கவேண்டும். வெள்ளத்தில் மூழ்கி மாள்வோர் மட்டுமல்ல, நீரில் பாய்ந்த மின்சாரத்தால் மாள்வோரும் உண்டு.

ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசி மாதத்தில், இவையனைத்தையும் ஒத்திகை பார்க்கவேண்டும். நவராத்திரிக்குக் கொலு வைக்க ஆயத்தம் செய்யும் அக்கறையில் பத்திலொரு பங்கு போதும்.

நகரசபையின் கடமை

தெருவார் செய்வதைச் சொல்லிவிட்டு நகரசபையைச் சும்மா விடுவது நம் கருத்தன்று. மூன்று லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகை கொண்ட நகரங்களில் வார்டு கமிட்டிகள் அமைக்கவேண்டும் என்பது, 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது திருத்தத்தால் அரசியல் சட்டத்தில் 243-எஸ் பிரிவாக ஏறியுள்ளது. தமிழக நகரங்களில் ஏரியா சபைகள் கூடியது 2022 நவம்பர் முதல் நாள். சட்டம் எழுத்திலேறி முப்பதாண்டுகள் கழிந்தபின்! அதற்கிடையில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களே இல்லை. 1688-இல் தோன்றிய ஸ்தாபனத்துக்கு இது பெருமையன்று. தண்ணீர் வீட்டுக்குள் வரும்போது யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாதிருப்பது சுயாட்சியாகாது.

நகரசபையிடம் நாம் கேட்பன மூன்று. 2015-இலும் 2023-இலும் நீர் நின்ற உயரத்தைத் தெருத்தோறும் விளக்குக் கம்பத்தில் ஒரு கோடாக வரைந்துவைக்கவேண்டும். வீடு வாங்குவோரும் வாடகைக்கு வருவோரும் அக்கோட்டைக் கண்டு உண்மையை அறிவர். அடுத்து, ஏரியிலிருந்து நீர் திறக்குமுன், கன அடிக் கணக்கோடு நில்லாமல், இன்ன தெருவுக்கு இன்ன மணிக்கு இன்ன உயரம் வரை நீர் வரக்கூடும், இன்ன வழியாக இன்ன இடத்துக்குச் செல்க என்று அறிவிக்கவேண்டும். மூன்றாவது, புரட்டாசி ஏரியா சபைக் கூட்டத்தில் இவ்விஷயம் ஒன்றையே எடுத்துக்கொண்டு, நிவாரண இடம், சாவி, படகு, தொண்டர் ஆகிய நான்குக்கும் பெயர்ப் பட்டியலைப் படிக்கவேண்டும்.

‘வரி கொடுக்கிறோம், இதுவும் எங்கள் வேலையா?’ என்று கேட்போர் உளர். அவர்களுக்கு நம் மறுமொழி இது. வரி கொடுத்தமையால் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அமீனா வரும்வரை காத்திருக்கலாகாத வழக்கு இது. தெரு ஒழுங்குபட்டு நின்றால்தான் நகரசபையைத் தட்டிக் கேட்கவும் முடியும். தங்கள் முதியோரின் ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் தெருவாரை எந்த அதிகாரியும் அலட்சியம் செய்ய இயலாது.

அரசியற் கூட்டங்களில் மேடை அமைக்கவும், ஊர்வலம் நடத்தவும், வீடுவீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுக்கவும் பழகிய தொண்டர்கள் நம் வாசகரில் ஆயிரக்கணக்கானோர். தேர்தல் காலத்தில் ஒரு தெருவில் எத்தனை வாக்காளர், எவர் வெளியூரில் உள்ளார், எவரை வண்டி வைத்து அழைத்துவர வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். வாக்குக்காகச் செய்யும் அவ்வேலையை உயிருக்காகச் செய்ய எத்தனை நாள் பிடிக்கும்? வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். முதல் வீட்டுக் கதவைத் தட்டி, ‘உங்கள் வீட்டில் தாமாக மாடியேற முடியாதவர் யாரேனும் உண்டா?’ என்று கேளுங்கள். அக்கேள்வி கேட்கப்படாத வீடு ஒன்றுகூட நம் நகரத்தில் இருத்தலாகாது.